மஞ்சள் வட்டம் ஒட்டிய டீச்சர்

என் அண்ணியை ஒரு இடத்தில் உட்காரவைத்துப் பேச யாராலும் முடிந்ததில்லை. சாப்பிடும்போதுகூட நாற்காலியின் நுனியில்தான் இருப்பார். உப்பு போதுமா என்று நாம் யோசிப்பதற்குள் எழுந்துபோய் உப்பு டப்பாவோடு திரும்பியிருப்பார். போனில் பேசினால் கூடத்துக்கும் வாசலுக்கும் நடை. பேச்சு சூடு பிடித்தால் மாடிப்படியில் ஏறி இறங்குவார். கல்யாணமான புதிதில், உன் பெண்டாட்டி காலில் சக்கரம் கட்டிக்கொண்டா பிறந்தார் என்று அண்ணனைக் கேட்டேன். அண்ணன் ரொட்டித் தொழிற்கூடத்தில் இரவெல்லாம் மாவு பிசைந்துவிட்டு விடிந்ததும் வந்து படுப்பவன். கண்ணைத் திறக்காமலே, தூங்கும்போது கழற்றி வைத்துவிடுவாள் என்றான்.

அப்படிப்பட்டவரை ஒரு முழங்கால் பிடித்து உட்காரவைத்தது. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதற்கு முன், அவர் செய்யும் வேலையைச் சொல்லியாக வேண்டும்.

அண்ணி மழலைப் பள்ளியில் டீச்சர். நான் அதே பள்ளிக்கு வேன் ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மதியம்வரை எனக்கு வேலை வெட்டி இல்லை. வகுப்பு ஜன்னலுக்கு வெளியே ஒரு பெஞ்சு இருக்கிறது. அதில் உட்கார்ந்து பிளாஸ்க் தேநீரைக் குடித்துக்கொண்டு, அண்ணி பாடம் நடத்துவதைப் பார்ப்பேன். சும்மா சொல்லக் கூடாது, பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

வருடத் தொடக்கத்தில் அவர் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. எது பொருள், எது செயல் என்பதுதான். இதையெல்லாம் ஒரு பாடம் என்று நடத்துகிறார்களா, பந்து பொருள், குதிப்பது செயல், இதில் என்ன பெரிய வித்தை என்று ஆரம்பத்தில் நான் கிண்டல் செய்திருக்கிறேன். அதற்கு அண்ணி ஒரு பையனைக் காட்டினார். வாயைத் திறந்தால் "பை, பை" என்று அழுகிறவன். பையைக் கையில் கொடுத்தாலும் அழுகை நிற்காது. தோளில் மாட்டிவிட்டால் இன்னும் உரக்க அழுவான். நான் அவனுக்குப் பைக்காரர் என்று பேர் வைத்திருந்தேன்.

"அவனுக்கு வேண்டியது பை இல்ல. வீட்டுக்குப் போறது" என்றார் அண்ணி. "பைன்னா எடுத்துக் குடுத்துடலாம். போறதை எப்படிக் குடுக்கறது? அது வேற, இது வேறன்னு தெரிஞ்சாத்தான் எது வேணும்னு அவனுக்கே கேக்க வரும்."

பிள்ளைகளின் அழுகையில் பாதி இந்தக் குழப்பத்தால்தான் என்பது அவர் கட்சி. பெரியவர்களும் அப்படித்தானாம். ஆசைப்பட்டு நான் ஒரு தையல் மெஷின் வாங்கி, அதன்மேல் இஸ்திரி போடாத துணிகளைக் குவித்து வைத்திருக்கிறேன். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம், நீ மெஷினைத்தான் வாங்கினாய், தைக்கிறதை வாங்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போவார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை.

பாடம் நடக்கும் விதம் இப்படி. ஒவ்வொரு பிள்ளைக்கும் மஞ்சள் வட்ட ஸ்டிக்கர்கள் கொஞ்சம் கொடுப்பார். வகுப்பறை முழுக்கச் சுற்றி, எது பொருளோ அதில் ஒன்று ஒட்ட வேண்டும். மேசை, வாளி, ஜன்னல் கம்பி, துடைப்பம், டீச்சரின் செருப்பு, எதுவும் தப்பாது. செயலுக்கு ஸ்டிக்கர் கிடையாது. அறை நடுவில் நீலப் பாய் ஒன்று விரித்திருக்கும். அண்ணி அதில் நின்று ஒரு செயலைச் செய்ய, பிள்ளைகளும் கூடச் செய்வார்கள். குதிப்பது, சுற்றுவது, கை தட்டுவது, துணி துவைப்பது, பல் விளக்குவது. அவர் குதித்தால் அலமாரியில் இருக்கும் டப்பாக்களும் சேர்ந்து குதிக்கும். முடிவில் எல்லோரும் ஒரே குரலில் கத்துவார்கள்: "ஆடி அசைஞ்சா செயல். சும்மா இருந்தா பொருள்."

இந்த விதி அண்ணியே கண்டுபிடித்தது. அதில் அவருக்குப் பெருமை உண்டு. பல வருடம் அது ஓடிக்கொண்டிருந்தது, ஜட்ஜம்மா வந்து சேரும்வரை.

ஜட்ஜம்மா என்று நான் சொல்வது ஒரு சின்னப் பெண்ணை. இரட்டைப் பின்னல், எப்போதும் கழன்று கிடக்கும் ஒரு ஷூ. யார் என்ன சொன்னாலும் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வாள். வேனில் ஏறும்போதே, அக்கா, நீங்க நேத்தைவிட இன்னிக்கு லேட்டு என்பாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். சொல்வது உண்மை என்பதால் இன்னும் அதிகமாக வரும்.

அவள் வந்த சில நாளிலேயே மின்விசிறியைக் காட்டி, இது பொருளா செயலா என்று கேட்டாள். பொருள் என்றார் அண்ணி. சுத்துதே என்றாள். அண்ணி சுவிட்சை அணைத்து, பார், நின்றுவிட்டது, பொருள்தான் என்றார். "அப்ப போட்டா?" என்றாள் அவள். அண்ணி வாளியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குத் தேநீர் புரையேறியது.

இன்னொரு நாள், வீட்டுக்குக் கிளம்புமுன் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் படுக்கவைக்கும் வேளையில், பைக்காரர் அசந்து தூங்கிவிட்டான். எழுந்தபோது அவன் நெற்றி நடுவில் மஞ்சள் வட்டம். யார் வேலை என்று கேட்கவே வேண்டாம். ஆடவில்லை, அசையவில்லை, அதனால் பொருள் என்றாள் ஜட்ஜம்மா. அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டில் அண்ணனிடம் நடித்துக் காட்டி மறுபடி சிரித்தார். சிரித்ததோடு அதை விட்டுவிட்டார்.

முழங்கால் போனது அதற்குப் பிறகு. தவளை தாவுவதைப் பாயில் செய்து காட்டிக்கொண்டிருந்தார். எவனோ ஒரு விளையாட்டு மரக்கட்டையைப் பாயில் விட்டிருந்தான். ஒரு செயல் வேகமாகப் போய் ஒரு பொருளின்மேல் இறங்கியது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல் கூசுகிறது. பிள்ளைகள், டீச்சர் புதிதாக ஏதோ செய்கிறார் என்று நினைத்து, எல்லோரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மருத்துவர் ரொம்ப நிதானமானவர். நடக்கலாம், ஏறலாம், கொஞ்ச நாளில் கைத்தடியையும் விட்டுவிடலாம் என்றார். குதிப்பது, தாவுவது, ஓடுவது மட்டும் இனி இல்லை என்றார். அண்ணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வேனில் ஏறி உட்கார்ந்தபிறகு, மெதுவாகக்கூடக் குதிக்கக் கூடாதா என்று என்னிடம் கேட்டார். நான் வண்டியைக் கிளப்பினேன்.

மறுபடி வேலைக்குப் போன அன்று பெரிய டீச்சர் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். பெரிய டீச்சர் என்பது பள்ளியின் தலைமை. எனக்கும் அவருக்கும் எந்நாளும் ஏழாம் பொருத்தம்தான் என்றாலும் நியாயத்தைச் சொல்கிறேன், கெட்டவர் இல்லை. சாமான் அறைக்குப் பொறுப்பாக ஒருவர் வேண்டும், உட்கார்ந்து செய்கிற வேலை, சம்பளத்தில் மாற்றமில்லை என்றார். சொல்லிக்கொண்டே அந்த அறைச் சாவியை மேசையில் நகர்த்தி வைத்தார். வகுப்பைத் தாங்க முடிகிறதா என்று இந்த மாதம் பாருங்கள், மாதக் கடைசியில் நானே வந்து உட்கார்ந்து பார்க்கிறேன், முடியவில்லை என்றால் இது உங்களுக்காக இருக்கட்டும் என்றார்.

சாமான் அறையை நான் பார்த்திருக்கிறேன். சாக்பீஸ் பெட்டிகள், உடைந்த சறுக்குமரம், சுருட்டி வைத்த பாய்கள். ஜன்னல் கிடையாது. அண்ணி அங்கே உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் அவருக்கும் தூசி தட்ட வேண்டியிருக்கும். பதினைந்து வருடமாகத் தன் வகுப்பைத் தவிர வேறெதையும் அவர் கேட்டதில்லை. ஒரு சாவியை வைத்து அதையும் எடுத்துக்கொள்வார்களா என்று எனக்கு வயிறு எரிந்தது. அண்ணி சாவியை வாங்கிவந்து தன் மேசையில் வைத்தார்.

அடுத்து வந்த நாள்கள் நன்றாக இல்லை. அண்ணி கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, காலைச் சின்ன முக்காலியில் நீட்டிக்கொண்டு, குதிங்க, குதிங்க என்று வாயால் சொன்னார். பிள்ளைகள் அவர் குதிப்பதற்காகக் காத்திருந்தார்கள். அவர் கையை மேலே தூக்கிக் காட்டினால் அவர்களும் கையை மட்டும் தூக்கினார்கள். நீலப் பாய் காலியாகக் கிடந்தது. அவர் உட்கார்ந்திருக்கிற விதம் எனக்குப் புதிதாக இருந்தது. நாற்காலியின் நுனியில் இல்லை, முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரக் கடைசியில்தான் அது நடந்தது. ஸ்டிக்கர் ஒட்டும் வேளை. ஜட்ஜம்மா கையில் ஒரே ஒரு வட்டத்தோடு அறை நடுவில் நின்றாள். எல்லாப் பொருளிலும் ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது. தலையைச் சாய்த்து அண்ணியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நேராகப் போய் அண்ணியின் புறங்கையில் வட்டத்தை வைத்து, கட்டைவிரலால் நன்றாக அழுத்தி ஒட்டினாள்.

"டீச்சர் இப்ப அசையறதில்ல" என்றாள்.

அதில் குறும்பு இல்லை, கிண்டலும் இல்லை. பாடத்தைச் சரியாகச் செய்த திருப்திதான் அவள் முகத்தில் இருந்தது. அண்ணி சிரித்தார். சபாஷ் என்றுகூடச் சொன்னார். மற்ற பிள்ளைகள் கை தட்டினார்கள்.

கடைசிப் பிள்ளையையும் வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். அண்ணி அழுதுகொண்டிருந்தார். நான் பார்த்து அவர் அழுதது அதுதான் முதல் தடவை. வண்டியை ஓரங்கட்டினேன். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தக் குட்டியை இனிமேல் கடைசி சீட்டில் உட்காரவைக்கிறேனா இல்லையா பாருங்கள் என்றேன்.

"அவளை ஏன் திட்டற? நான் சொல்லிக்குடுத்ததைத்தான் அவ செஞ்சா" என்றார். கையில் இருந்த வட்டத்தை அவர் எடுக்கவே இல்லை. "அந்த ரூம்ல எல்லாத்துலயும் ஒட்டியிருக்கு. இப்ப என்மேலயும் ஒட்டியாச்சு. சாமான் ரூமுக்குப் போக வேண்டியதுதான் பாக்கி."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். பிள்ளைகளின் சீட்டு என்பதால் இருவர் முழங்காலும் முகத்துக்கு நேராக இருந்தது. அவர் முழங்கால் வலிக்குமே என்று கொஞ்ச நேரத்தில் எழுந்து வண்டியை எடுத்தேன்.

மறுநாள் விடுமுறை. நான் மாடியில் இருந்து இறங்கி வரும்போது அண்ணி படுக்கையறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். புருவத்தில் மாவு, ஒரு கை கட்டிலுக்கு வெளியே. பேசாதே என்று எனக்குச் சைகை காட்டி, பக்கத்தில் வரச் சொன்னார்.

"உங்க அண்ணன் என்ன பண்றார்?"

தூங்குகிறான், வேறென்ன பண்ணுவான் என்றேன்.

"அசையலையே. அப்ப தூக்கம் பொருளா?"

காலையில் காபிகூடக் குடிக்காதவளிடம் கேட்கிற கேள்வியா இது. எரிச்சலில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "பொருளா இருந்தா தொட்டுக் காட்டலாம். தூக்கத்தை எங்க போய்த் தொடறது? வேணும்னா நான் படுத்துத் தூங்கிக் காட்டறேன், ஆளை விடுங்க."

அண்ணி நல்ல முழங்காலில் ஓங்கி ஒரு அடி அடித்தார். அண்ணன் புரண்டு படுத்தான். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லு என்றார். நான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அவர்தான் சொன்னார். தொட்டுக் காட்டினால் பொருள். செய்து காட்டினால் செயல். ஆடுவதற்கும் அசைவதற்கும் இதில் ஒரு வேலையும் இல்லை. தான் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்ததால் விதியையும் ஆடவைத்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார். காபி அன்று நான்தான் போட்டேன். நான் போட்ட காபி என்பதையும் மறந்து இரண்டு தம்ளர் குடித்தார்.

விடுமுறை முடிந்த அன்றே வகுப்பில், நான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று அறிவித்தார். பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜட்ஜம்மா மட்டும் விரலை மேலே நீட்டினாள். மின்விசிறி. அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பி என்னைக் கூப்பிட்டார். விசிறியை அணைத்துவிட்டு நான் மேசைமேல் ஏறி, அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கினேன். எட்டித் தொட்டாள். பொருள். இறக்கையில் ஒரு மஞ்சள் வட்டம் ஒட்டினாள். இறங்கியதும் அண்ணி சுவிட்சைப் போடச் சொன்னார். ஒட்டிய வட்டம் சுற்றிச் சுற்றி மேலே பெரிய மஞ்சள் வளையமாகத் தெரிந்தது. எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். சுற்றுவதைத் தொட்டுக் காட்டு என்றார் அண்ணி. ஜட்ஜம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு நீலப் பாய்க்கு ஓடி, இரண்டு கையையும் விரித்துச் சுற்ற ஆரம்பித்தாள். மற்றவர்களும் ஓடினார்கள். அண்ணி நாற்காலியைவிட்டு அசையவில்லை. பாய் நிறைந்துவிட்டது.

அதிலிருந்து பாடம் தலைகீழானது. முன்பெல்லாம் அண்ணி செய்வார், பிள்ளைகள் பார்த்துச் செய்வார்கள். இப்போது பிள்ளைகள் செய்தார்கள், அண்ணி பார்த்தார். குதிப்பதோடு நிற்கவில்லை. தூங்குவது, கேட்பது, ஒளிந்திருப்பது என்று முன்பு பாய்க்கே வராத செயலெல்லாம் வந்தன. ஒருத்தி யோசிப்பதைச் செய்து காட்டுகிறேன் என்று கன்னத்தில் கை வைத்து அப்படியே உறைந்து உட்கார்ந்தாள். ஒருவனுக்குச் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை என்றால் முன்பு அண்ணி துள்ளிப் போய் எடுத்துக் கொடுத்துவிடுவார். இப்போது போக முடியாது. கொஞ்சம் முன்னால் சாய்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்திருப்பார். வார்த்தை வந்ததும் ஒரே ஒரு தலையாட்டல். வெளியே பெஞ்சில் எனக்குப் பொறுமை போய்விடும். சொல்லித் தொலைங்களேன் என்று கத்தத் தோன்றும்.

மாதக் கடைசியில் பெரிய டீச்சர் சொன்னபடி வந்தார். சுவரோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணியின் மேசையில் அந்தச் சாவி வைத்த இடத்திலேயே இருந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிளாஸ்க்கைத் திறக்கக்கூட மறந்து ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றேன். பாடம் நன்றாகத்தான் போனது. ஆனால் பெரிய டீச்சரின் கண் பாயில் இல்லை. முக்காலியில் நீட்டியிருந்த காலிலேயே இருந்தது.

கடைசியில் அவர், வாசலுக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளையைக் கூப்பிட்டார். எத்தனையோ பிள்ளைகள் இருக்க, அவர் கூப்பிட்டது ஜட்ஜம்மாவை.

"எல்லாரும் ஏதேதோ செய்றீங்க. உங்க டீச்சர் என்ன செய்றாங்க?"

ஜட்ஜம்மா அண்ணியைப் பார்த்தாள். அண்ணியின் முகம் வெளுத்திருந்தது. அந்தப் பெண் ஒரு குட்டி நாற்காலியை இழுத்துக்கொண்டு பாய் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். இன்னொரு நாற்காலியைத் தேடி எடுத்துவந்து ஒரு காலை அதில் நீட்டினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை இருந்துவிட்டு, பைக்காரரைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அவன் முன்னால் வந்து நின்றான்.

"பை" என்றான் அவன்.

அவள் கையை மடியில் வைத்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, அவன் முகத்தையே பார்த்தாள். அவன் நெளிந்தான். பையை மாட்டும் ஆணிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவள் அப்படியே இருந்தாள். பெரிய டீச்சர் எதையோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார்.

"எனக்கு அம்மாகிட்ட போகணும்" என்றான் பைக்காரர்.

அவன் முழுதாக ஒன்றைக் கேட்டு நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை. ஜட்ஜம்மா ஒரே ஒரு தடவை தலையை ஆட்டினாள். அச்சு அசல் அண்ணியின் தலையாட்டல். பிறகு பெரிய டீச்சர் பக்கம் திரும்பி, "இதைத்தான் செய்றாங்க" என்றாள்.

என் கண்ணில் தண்ணீர் வந்தது. வந்தது வந்ததுதான், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. இந்தக் குட்டியைக் கடைசி சீட்டில் உட்காரவைக்கப் பார்த்தேனே என்று நினைத்துக்கொண்டேன். அண்ணி குனிந்து பைக்காரரிடம், இன்னும் கொஞ்ச நேரம்தான், வேன் அக்கா வெளியேதான் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவன் ஜன்னலில் என்னைப் பார்த்தான். அழவில்லை.

பெரிய டீச்சர் எழுந்து அண்ணியின் மேசைக்கு வந்தார். மருந்தெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, அடுத்த வருடத்துக்கு உயரமான நாற்காலி ஒன்று வாங்கித் தரட்டுமா என்று கேட்டார். கிளம்பும்போது மேசையில் இருந்த சாவியைத் தானே எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

ஜட்ஜம்மா ஒற்றை ஷூவோடு அவர் பின்னால் ஓடினாள். அண்ணி பதறிப்போய், எங்கே போகிறாய் என்று கேட்டார். அவள் காதில் வாங்கவில்லை. பெரிய டீச்சரின் கையைப் பிடித்து நிறுத்தி, விரலைப் பிரித்துச் சாவியைத் தொட்டுப் பார்த்தாள். அதில் ஒரு மஞ்சள் வட்டத்தை ஒட்டி, கட்டைவிரலால் நன்றாக அழுத்திவிட்டு உள்ளே வந்தாள்.